‘ஓ டியர்’ போதுமா, ‘எக்ஸ்கியூஸ் மீ!’ வேண்டுமா? ஆங்கிலத்தில் அளவாக முகம் சுளிக்க

அடடா, அய்யய்யோ, ச்சே, அடப்பாவி, ‘நல்லா இருக்கே கதை’, ‘இது உங்களுக்கே நல்லா இருக்கா?’ என்று அதிர்ச்சிக்கும் அதிருப்திக்கும் தமிழில் பஞ்சமே இல்லை. எதை யாரிடம் சொல்லலாம் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதுமில்லை. தம்பியிடம் ‘அடப்பாவி’ தானாக வரும், மாமனாரிடம் தானாக நின்றுவிடும். அதே நாக்கு சிங்கப்பூர் வேலையிடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவும்போதுதான் சிக்கல். ஒன்று, வாயை மூடிக்கொண்டு சிரித்து வைக்கிறோம். இல்லாவிட்டால் ‘ஹவ் டேர் யூ’ என்று தேவைக்கு மேல் நாலு படி ஏறிவிடுகிறோம். இடையில் இருக்கும் படிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

சூட்டை அளக்கப் பழகுங்கள்

பிரிட்டிஷ் வழிவந்த ஆங்கிலத்தில் அதிருப்தியைக் குறைத்துச் சொல்வதுதான் வழக்கம். நமக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சு நீளும். அங்கே பல நேரம் சுருங்கும், குரலும் தணியும். ‘தட்ஸ் எ பிட் மச்’ என்பதில் ‘எ பிட்’ இருக்கிறதே என்று ‘கொஞ்சம் அதிகம்தான்’ என எடுத்துக்கொண்டால் ஏமாந்தீர்கள். ‘இது ரொம்ப ஓவர்’ என்பதுதான் அதன் கனம். உங்கள் அறிக்கையைப் பார்த்து மேலாளர் ‘நாட் ஐடியல்’ என்றால், ‘சொதப்பிட்டீங்க’ என்று வாசியுங்கள்.

அடிப்படியில் இருப்பவை ‘ஓ டியர்’, ‘ஓ நோ’, ‘குட்னஸ்’, ‘ஓ மை குட்னஸ்’. இவை யாரையும் குற்றம் சொல்லாதவை. காப்பி சிந்தியது, ரயில் தாமதம், திறன்பேசி கீழே விழுந்து திரை விரிசல் விட்டது: எல்லாவற்றுக்கும் பொருந்தும், யாரிடமும் சொல்லலாம். ‘டியர்’ என்பதன் கடைசி ‘ர்’ பிரிட்டிஷ் பேச்சிலும் சிங்கப்பூர்ப் பேச்சிலும் பெரும்பாலும் காதில் விழாது. ‘டிய’ என்று கரைந்து நிற்கும். குரல் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். அதையே உயர்த்தி இழுத்து ‘ஓஓ டியஅஅ’ என்றால், பாலர் பள்ளிப் பிள்ளையிடம் பேசுவது போலாகிவிடும். பெரியவர் ஒருவர் செய்த தவற்றுக்கு அப்படிச் சொன்னால் ஏளனம் என்றுதான் படும்.

அடுத்த படி நம்பமுடியாமை. ‘ரியலி?’, ‘சீரியஸ்லி?’, ‘யூ மஸ்ட் பி ஜோக்கிங்’, ‘கம் ஆன்’. இவை ஆளைத் தொடுகின்றன, ஆனால் சிரித்துத் தப்பிக்க இடம் விடுகின்றன. சக ஊழியரிடம் சரி. மேலதிகாரியிடம் ‘யூ மஸ்ட் பி ஜோக்கிங்’ வேண்டாம். ‘ஸாரி, டிட் ஐ ஹியர் தட் ரைட்?’ என்று உங்கள் காதின் மேல் பழியைப் போடுங்கள். வேலை நடக்கும்.

மூன்றாவது, பொறுமை போனதைக் காட்டுவது: ‘ஃபார் குட்னஸ் சேக்’, ‘ஃபார் ஹெவன்ஸ் சேக்’, ‘ஹானஸ்ட்லி!’. இவற்றுக்கு ஒரே விதிதான்: முதல் தடவை நடந்த எதற்கும் இவற்றைச் சொல்லாதீர்கள். ‘எத்தனை தடவை சொல்றது’ என்ற அர்த்தம் உள்ளேயே இருக்கிறது. முதல் முறை தாமதமாக வந்தவரிடம் ‘ஃபார் குட்னஸ் சேக்’ என்றால், இவர் நெடுநாளாக மனத்தில் எதையோ வைத்திருக்கிறார் என்றுதான் அவர் நினைப்பார். ‘சேக்’ என்பதை ‘ஷேக்’ என்று உச்சரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படியில்தான் கண்டிப்பு: ‘தட்ஸ் எ பிட் மச்’, ‘தட் வாஸ் அன்கால்ட் ஃபார்’, ‘தட்ஸ் நாட் ஓகே’, ‘தட்ஸ் அவுட் ஆஃப் லைன்’. கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார் என்றால் இதுதான் இடம். மெதுவாகச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், சொன்னபின் இரண்டு விநாடி எதுவும் பேசாதீர்கள். உடனே ‘ஐ மீன், நோ லா, ஐ ஜஸ்ட் சே ஒன்லி’ என்று வால் ஒட்டினால் சொன்னது அத்தனையும் கரைந்துபோகும். பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும் ‘தட்ஸ் நாட் ஆன்’, ‘தட்ஸ் எ பிட் ரிச்’ இரண்டும் இதே கனம்தான். ஆனால் இங்கே பலருக்கு அவை புரியாது. ‘ரிச்’ என்றதும் பணத்தைப் பற்றிய பேச்சு என்று நினைப்பார்கள். புரியவைத்துத் திட்டும் நிலை வந்தால் திட்டே வீண்.

இந்த நான்காம் படிச் சொற்களைப் பாருங்கள், ‘தட்’ இருக்கிறது, ‘யூ’ இல்லை. செய்ததைச் சுட்டுகிறோம், செய்தவரை அல்ல. ‘யூ ஆர் ரூட்’ என்பது ஆளின் மேல் முத்திரை குத்துகிறது. ‘தட் வாஸ் எ பிட் ரூட்’ என்பது அந்த ஒரு பேச்சோடு முடிகிறது. ‘உங்களுக்குத் தெரியாதா?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்பதை ‘டோன்ட் யூ நோ?’ என்று போட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று அறைவது போல இருக்கும்.

‘ஹவ் டேர் யூ’, ‘ஷேம் ஆன் யூ’ இரண்டும் இந்த ஏணிக்கு வெளியே. அவற்றுக்குப் பின் உறவு பழையபடி இருக்காது. ‘குட் ஹெவன்ஸ்’, ‘வெல், ஐ நெவர்!’, ‘ப்ளைமி’, ‘கோலி’ வேறு விதமாக வெளியே: பழசு, அல்லது இங்கிலாந்துக்கே உரியவை. நம் வாயில் நாடக வசனம் போல ஒலிக்கும். சிரிக்க வைக்கவென்றே சொன்னால் சரி.

உச்சுக் கொட்டாதீர்கள்

நாவின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிச் சட்டென்று பிரித்தால் வரும் ஒலி நமக்கு ‘ஐயோ பாவம்’. சக ஊழியர் ஒருவர், அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொல்கிறார். நாம் தலையை லேசாக ஆட்டி ‘ச்சு, ச்சு, ச்சு’ என்று உச்சுக் கொட்டுகிறோம். மனம் நிறைய இரக்கம். ஆனால் ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர் காதில் அதே ஒலி கண்டனம். ஆங்கில எழுத்தில் ‘டட் டட்’ என்றும் ‘த்ஸ்க் த்ஸ்க்’ என்றும் வருவது இதுதான். பிள்ளை சுவரில் கிறுக்கினால் பாட்டி கொட்டும் ஒலி. அப்பாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் குறை சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டால் அவர்மேல் தப்பில்லை.

முகம் தெரியும்போதாவது இரக்கம் புரிந்துவிடும். தொலைபேசியில் ஒலி மட்டும் போகிறது, அங்கேதான் மோசம். போதாக்குறைக்கு, தலையை நிமிர்த்தி ஒற்றை உச்சுக் கொட்டினால் சில ஊர்த் தமிழில் ‘இல்லை’ என்று பொருள். ‘டிட் யூ கெட் தி ஃபைல்?’ என்ற கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது எரிச்சலாகத்தான் தெரியும்.

பழக்கத்தை அடக்குவது கடினம், அதனால் மாற்றுங்கள். உச்சு வரப்போகும் இடத்தில் ‘ஓ நோ, ஐம் ஸோ ஸாரி டு ஹியர் தட்’ என்று முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் வரும்வரை சொல்லிப் பாருங்கள். ‘ஓ நோ’ முதலில் வருவதால் நாக்கு மேல்பல்லில் ஒட்ட நேரமிருக்காது. தவறி உச்சு வந்துவிட்டாலும் இந்த வாக்கியத்தை உடனே பின்னால் ஒட்டினால் சரியாகிவிடும்.

இரக்கச் சொற்களில் இன்னொரு குழி ‘வாட் எ ஷேம்’. ‘என்ன வெட்கக்கேடு’ என்று பொருள்கொண்டு, பிறர் செய்த தவற்றுக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. உண்மையில் இது ‘அடடா, வருத்தமாப் போச்சே’. ஒருவருடைய பாலிப் பயணம் ரத்தாகிவிட்டது என்றால் ‘வாட் எ ஷேம்’ சரியான சொல். வெட்கக்கேடு வேண்டுமானால் ‘தட்ஸ் ஷேம்ஃபுல்’, அது கடுமையானது. முன்னால் பார்த்த ‘ஷேம் ஆன் யூ’வையும் சேர்த்தால் மூன்று சொல்லிலும் ‘ஷேம்’ இருக்கிறது, மூன்றும் மூன்று திசை.

‘ஐம் அஃப்ரெய்ட்’ என்பதிலும் பயம் கிடையாது. ‘ஐம் அஃப்ரெய்ட் தட்ஸ் நாட் அக்செப்டபிள்’ என்று வங்கியிலிருந்து பதில் வந்தால், யாரும் நடுங்கவில்லை. ‘மன்னிக்கணும், முடியாது’ என்று மென்மையாகக் கதவைச் சாத்துகிறார்கள்.

குரல்தான் சொல்

‘ரியலி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். குரல் கீழிருந்து மேலே போனால் ‘அப்படியா! மேலே சொல்லுங்க’. மேலிருந்து கீழே இறங்கினால் ‘நம்பச் சொல்றீங்களா?’. ஏறாமல் இறங்காமல் தட்டையாக, ‘ரீ’யை ஒரு விநாடி இழுத்துச் சொன்னால் ‘இதுக்கு மேல என்ன சொல்ல’ என்ற சலிப்பு. தமிழ் பேசும் பலருக்கு நேர்வது என்னவென்றால், ஆர்வத்தோடு கேட்கும்போதும் தட்டையாக விழுந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் கதையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார், நமக்குக் காரணமே தெரிவதில்லை.

திறன்பேசியில் பதிவு செய்து பழகுங்கள். மூன்று வகையையும் கலந்து பத்துத் தடவை சொல்லிப் பதியுங்கள், எந்த வரிசையில் சொன்னீர்கள் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் உயர்நிலைப் பள்ளி போகும் பிள்ளை இருந்தால் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றும் ஆர்வமா, சந்தேகமா, சலிப்பா என்று கேளுங்கள். பத்தில் குறைந்தது எட்டு உங்கள் தாளோடு ஒத்துப்போனால் வெளியே கொண்டுபோகலாம். முகத்தைப் பார்க்காமல் கேட்கவேண்டும் என்பது முக்கியம். முகம் தெரிந்தால் பிள்ளை அதை வைத்தே சொல்லிவிடும்.

‘எக்ஸ்கியூஸ் மீ’யும் அப்படித்தான். எம்ஆர்டி ரயில் கதவருகே வழி கேட்கும்போது தணிவாக, இறக்கி, கூடவே லேசாக உடலைத் திருப்பி. அதையே ‘மீ’யில் குரலைத் தூக்கி நிறுத்தினால் ‘என்ன சொன்னீங்க இப்ப?’ என்ற சீற்றம். நெரிசலில் அவசரமாக இறங்கும்போது குரல் தானாகவே மேலே போய்விடும், முன்னால் நிற்பவர் முறைப்பார். முன்னால் ‘ஸாரி’ ஒன்று சேர்த்தால் தப்பிக்கலாம். ‘ஐ பெக் யுவர் பார்டன்?’ என்பதற்கும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு. காதில் விழாததற்கு இந்த ஊரில் ‘ஸாரி?’ போதும், முழு ‘பெக் யுவர் பார்டன்’ வந்தாலே சிலர் சண்டைக்கு நிற்பதாக நினைப்பார்கள்.

கடவுளை இழுக்கும் சொற்கள்

ஒரே மேசையைச் சுற்றி நாலு மதத்தவர் அமர்ந்து சாப்பிடும் ஊர் இது. ‘ஜீசஸ்!’ என்று அதிர்ச்சிக்குக் கத்துவது பல கிறிஸ்தவர்களைப் புண்படுத்தும். இறைவன் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. நாம் ‘சிவ சிவா’ என்று சொல்லும்போது அதிர்ச்சியும் வேண்டுதலும் ஒன்றாகவே வருகின்றன, அதனால் அவர்களுடைய கூச்சம் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

ஆங்கிலம் பேசுபவர்களே இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: பெயரைத் தொடங்கிப் பாதியில் திருப்பிவிடுவது. ‘காட்’ என்று வாயெடுத்து ‘காஷ்’. ‘ஜீசஸ்’ என்று தொடங்கி ‘ஜீ’. ‘ஹெல்’ போய் ‘ஹெக்’. ‘டாம்’ போய் ‘டார்ன்’. ‘க்ரைஸ்ட்’ போய் ‘க்ரைக்கி’. ‘ப்ளைமி’கூட ‘கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்’ என்ற சாபத்தின் தேய்ந்த வடிவம்தான். நடைமுறைக்கு ‘ஓ மை காஷ்’, ‘ஓ மை குட்னஸ்’ இரண்டும் போதும். ‘ஓ மை காட்’ எங்கும் கேட்கிறதே என்றால், கேட்கிறதுதான். ஆனாலும் ‘குட்னஸ்’ என்று சொல்வதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. ‘ப்ளடி’ சினிமாவில் லேசாகத் தெரியும். வேலையிடத்தில் அது கெட்ட வார்த்தைதான்.

இந்த ஊர்ச் சொற்கள்

‘அய்யோ’ இங்கே எல்லாருக்கும் பொது. சீனப் பாட்டியும் சொல்வார், மலாய் அங்கிளும் சொல்வார், நாமும் சொல்வோம். 2016இல் ‘அய்யா’ என்ற சீன வழிச் சொல்லையும் ‘அய்யோ’வையும் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி சேர்த்துக்கொண்டது. ஆனால் தமிழ் வீட்டு ‘ஐயோ’வின் கனம் அதற்கு இல்லை. ‘ஐயோ’ எமன் மனைவியின் பெயர், விளக்கு வைத்த நேரத்தில் சொல்லாதே என்று தடுக்கும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அது தாளை மறந்து வந்ததற்கும், மழைக்குக் குடை இல்லாததற்கும் சொல்லும் லேசான சொல். மலாய் வழி வந்த ‘அலாமாக்’கும் அதே அளவு. ‘வா லாவ்’ மட்டும் எச்சரிக்கை: ஹொக்கியனில் அதை ஒட்டிய ஒலி ஒன்று அசல் கெட்ட வார்த்தை, கடைசி எழுத்து பிசகினால் அங்கே போய் விழும். நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டுச் சொற்கள்தான் இங்கே சூட்டைக் குறைக்கும் விசை. ‘லைக் தட் நாட் நைஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால் தீர்ப்பு. ‘லைக் தட் நாட் நைஸ் லே’ என்றால் ஆதங்கம். ‘லைக் தட் கேன் மே?’ என்பதன் ‘மே’ நம் ‘இப்படியும் செய்யலாமாக்கும்?’ என்பதன் ‘ஆக்கும்’. ‘லா’ பேச்சை முடித்துத் தோளில் தட்டும். நேர்முகத் தேர்விலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் இவை வேண்டாம். நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000இல் தொடங்கியதிலிருந்து சொல்லிவருவதும் அதுதான். ஆனால் உணவங்காடியில் ‘தட் வாஸ் அன்கால்ட் ஃபார்’ என்று தொடங்கினால் ஆள் உங்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்.

எடுத்துக்காட்டுக்கு உணவங்காடித் தட்டு. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மேல் நடவடிக்கை உண்டு. முதல் முறை எழுத்துவழி எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். பக்கத்து மேசைப் பெரியவர் தட்டை விட்டுவிட்டு எழுகிறார். ‘எக்ஸ்கியூஸ் மீ!’ என்று குரலை உயர்த்தினால் சண்டை. ‘அங்கிள், ஸாரி ஆ, ட்ரே மஸ்ட் ரிட்டர்ன் லே, லேட்டர் கேனா ஃபைன்’ (அப்புறம் அபராதம் விழும்) என்றால், நீங்கள் அவர் பக்கம் நிற்கிறீர்கள். முதலில் உறவுமுறை, அடுத்து ஸாரி, பிறகு விஷயம், கடைசியில் அவருக்கே ஆகும் நட்டம். இந்த வரிசையைக் கலைக்காதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் செருப்பு அலமாரியும் சைக்கிளும் அடைத்துக்கொண்டாலும் இதே வரிசைதான்: ‘ஆன்ட்டி, ஸாரி ஆ, கேன் ஷிஃப்ட் எ பிட்?’ தீ பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்ற விதியை முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். இரண்டாவது பேச்சுக்கு ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.

தாதியர், பேருந்து ஓட்டுநர், முகப்புச் சேவை ஊழியர் ஆகியோரிடம் நான்காம் படிக்கு மேல் போகவே வேண்டாம். பொதுச் சேவை ஊழியர்களை வேலை தொடர்பாக இழிவாகவோ மிரட்டியோ பேசுவதை 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ‘ஐம் எ பிட் அப்செட் அபௌட் திஸ், கேன் ஐ ஸ்பீக் டு தி சூப்பர்வைசர்?’ என்பதில் வேண்டிய அழுத்தம் எல்லாம் இருக்கிறது.

எழுத்தில்

மின்னஞ்சலில் குரல் கிடையாது, அதனால் சொல்லே சூடு. நான்கு சொற்களை வரிசையாக நினைவில் வையுங்கள்: ‘சர்ப்ரைஸ்ட்’, ‘கன்சர்ன்ட்’, ‘டிஸப்பாயின்டட்’, ‘அன்அக்செப்டபிள்’. ஒரு கடிதத்துக்கு ஒன்று, அதுவும் இந்த வரிசையில்.

வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகைக்காரர் வெள்ளிக்கிழமை மாட்டித் தருவதாகச் சொன்ன சமையலறை அலமாரி வரவில்லை. முதல் கடிதத்தில் நடந்ததைத் தேதியோடு ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்து ‘ஐ வாஸ் எ லிட்டில் சர்ப்ரைஸ்ட் நாட் டு ஹியர் ஃப்ரம் யூ’. பிறகு என்ன வேண்டும், எந்த நாளுக்குள். அவ்வளவுதான். மூன்று வேலை நாள் பதில் இல்லை என்றால் ‘ஐம் கன்சர்ன்ட்’. பெரும்பாலானவர்கள் செய்வது, முதல் கடிதத்திலேயே ‘வெரி ஷாக்ட் அண்ட் எக்ஸ்ட்ரீம்லி டிஸப்பாயின்டட்’ என்று கொட்டித் தீர்ப்பது. அடுத்த கடிதத்துக்குச் சொல்லே இருக்காது. பெரிய எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும்தான் மிச்சம்.

‘டிஸப்பாயின்டட்’ என்பதில் பின்னால் வரும் சிறு சொல்லைக் கவனியுங்கள். ‘டிஸப்பாயின்டட் வித் தி டிலே’ என்றால் தாமதத்தின் மேல் வருத்தம். ‘டிஸப்பாயின்டட் இன் யூ’ என்றால் ஆளையே கைவிட்டுவிட்டது போல, அப்பா மகனிடம் சொல்வது போல. மேலே இருப்பவருக்கு ‘இன் யூ’ எழுதவே கூடாது. ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்’ பார்க்க மரியாதையாகத் தெரியும். படிப்பவருக்கு ‘எழுதினேனே, படிக்கலையா?’ என்றுதான் கேட்கும். தெரிந்தே எழுதினால் சரி. வாட்ஸ்ஆப்பில் ‘வாவ்’ என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் பாராட்டு அல்ல, முகச்சுளிப்பு. பாராட்டத்தான் நினைத்தீர்கள் என்றால் புள்ளியை எடுத்துவிட்டு ஒரு சிரிப்பு முகம் போடுங்கள்.

படி தவறி மேலே ஏறிவிட்டால், விளக்கம் நீட்டாதீர்கள். ‘ஸாரி, தட் கேம் அவுட் ராங்’ என்று உடனே, ஒரு தடவை. அதன்பின் சரியான படியிலிருந்து மறுபடி சொல்லுங்கள்: ‘வாட் ஐ மென்ட் வாஸ், ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்.’ மறுநாள் காலையில் வந்து மன்னிப்புக் கேட்பதென்றால் காப்பியோடு போங்கள், ஆங்கிலம் குறைவாகவே தேவைப்படும்.